சொன்ன நாளும் வந்த நாளும்

கடைத்தெருவில் நின்று ஒரு பொருளை வாங்குகிறவர், பணத்தைக் கொடுக்கும்போதே பொருளையும் கையில் பெற்றுக்கொள்கிறார். கொடுத்தலும் கொள்ளலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. தொலைவிலிருந்து வரவழைக்கும் பொருளின் இயல்பு வேறு. பெரும்பாலும் பணம் முன்னே செல்கிறது. பொருள் பின்னே வருகிறது. இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் நிற்கின்றன. அந்த நாட்களில் வாங்கியவர் கையில் இருப்பது ஒரு வாக்கு மட்டுமே. 'இன்ன நாளில் வந்து சேரும்' என்பதே அந்த வாக்கு. அது எவ்வளவு மதிப்புடையது, அது தவறினால் வாங்கியவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்த்தல் தகாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

சித்தூர் மாவட்டத்தில், சித்தூர் நகருக்கு அண்மையில், கங்காதர நெல்லூர் என்னும் ஊர் இருக்கிறது. தெலுங்கோடு தமிழும் வழங்கும் வட்டாரம் அது. மாவட்டமோ மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே தோட்டக்காரர் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தை மாதம், மாமரங்கள் பூத்து நிற்கின்றன. பூங்கொத்துகளில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானில் ஓர் உறுப்பு உடைந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் அது அகப்படவில்லை. மகன் கைபேசியில் தேடி இணையவழியில் ஆர்டர் கொடுக்கிறான். 'நான்கு நாட்களில் வந்து சேரும்' என்று திரையில் காண்கிறது. நான்காம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஆறாம் நாள் 'தாமதம்' என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது. ஒன்பதாம் நாள் பொருள் வந்து சேர்கிறது. அதற்குள் பூவில் ஒரு பகுதி கருகி உதிர்ந்துவிட்டது. அந்த உறுப்பின் விலை சில நூறு ரூபாய். இழந்ததோ ஓராண்டு உழைப்பின் பயனில் ஒரு பங்கு.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பது நாள் ஆகும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், அவர் சும்மா இருந்திருக்க மாட்டார். அண்டைத் தோட்டத்தாரிடம் தெளிப்பானை இரவல் கேட்டிருப்பார். அல்லது வாடகைக்கு ஒன்று அமர்த்தியிருப்பார். அவரை அவ்வாறு செய்யவிடாமல் தடுத்தது 'நாளை வந்துவிடும்' என்ற நம்பிக்கை. ஆகவே, அவருக்குக் கேடு விளைத்தது தாமதம் மட்டுமன்று. தாமதத்தைப் பற்றிய செய்தி தாமதமாக வந்ததே பெருங்கேடு.

தொலைவிலிருந்து பொருளை வரவழைக்கும் வழக்கமும் அதைப் பற்றிய ஐயமும் நமக்குப் புதியன அல்ல. நம் நாட்டில் வி.பி.பி. முறை 1877 ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு ஒருவர் கடிதம் எழுதுவார்; வியாபாரி பொருளைத் தபாலில் அனுப்புவார்; தபால்காரர் பார்சலைப் பட்டுவாடா செய்து பணத்தைப் பெறுவார்; அப்பணம் மணியார்டராக வியாபாரியைச் சென்றடையும். முகமறியாத இருவருக்கிடையே தபால் இலாகா ஒரு நடுவராக நின்றது என்று இதனைச் சொல்லலாம். பணம் போய்ப் பொருள் வராதோ என்னும் அச்சம் வாங்குவோருக்கு இல்லாமற்போயிற்று. ஆனால் பார்சல் வந்தபின் 'வேண்டாம்' என்று திருப்பிவிடுவாரோ என்ற அச்சம் வியாபாரியைப் பற்றிக்கொண்டது. பெங்களூரில் 2007 ஆம் ஆண்டில் புத்தக விற்பனையுடன் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனம், 2010 ஆம் ஆண்டில் பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் வசதியை ஏற்படுத்தியபோது, அது பழைய வி.பி.பி.யின் மறுபிறப்பாகவே விளங்கியது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து மாண்ட்கமரி வார்டு என்பவர் 1872 ஆம் ஆண்டில் குடியானவர்களுக்கென விலைப்பட்டியல் அச்சிட்டு அனுப்பி, தபால்வழி வியாபாரத்தைத் தொடங்கினார். மனநிறைவு இல்லையேல் பணம் வாபஸ் என்ற உறுதியை அவர் 1875 ஆம் ஆண்டிலேயே அளித்தார். முகம் தெரியாத வியாபாரத்துக்கு நம்பிக்கையே மூலதனம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அந்நாட்களில் வாரக்கணக்கில் காத்திருத்தல் இயல்பாக இருந்தது. பின்னர் எதிர்பார்ப்பு மாறிற்று. அமேசான் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஆண்டுச் சந்தா செலுத்துவோருக்குப் பொருளை இரண்டே நாட்களில் சேர்ப்பதாக அறிவித்தது. இன்று பெருநகரங்களில் காய்கறியும் பாலும் நிமிடக் கணக்கில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. நகரத்தில் உண்டான இந்தப் பழக்கம், கைபேசியின் வாயிலாகக் கிராமத்துக்கும் எதிர்பார்ப்பாக வந்து சேர்ந்துவிட்டது. எதிர்பார்ப்பு கம்பியில்லாமலே பறந்து வருகிறது. பொருளோ லாரியில்தான் வரவேண்டியிருக்கிறது.

பொருள் கடந்து வரும் வழியைச் சற்றுப் பார்ப்போம். ஆர்டர் கிடைத்ததும் விற்பவர் பொருளை எடுத்துப் பொதிகட்ட வேண்டும். பின் அது கிடங்கிலிருந்து பிரிப்பு நிலையத்துக்குச் செல்லும். அங்கே திசைவாரியாகப் பிரிக்கப்பட்டு, இரவு லாரியில் ஏறி, மற்றொரு பிரிப்பு நிலையத்தை அடையும். அங்கிருந்து பட்டுவாடா நிலையத்துக்கும், பின் ஒருவர் தோளிலோ வண்டியிலோ நம் வீட்டுக்கும் வரும். மாலையில் புறப்படும் லாரியை அரைமணி நேரத்தில் தவறவிட்ட பொதி, அரைமணி நேரம் மட்டும் பிந்துவதில்லை. மறுநாள் லாரி வரையில் காத்துக் கிடக்கிறது. சிறிய பிசகு ஒரு முழுநாளாகப் பெருகுவது இப்படித்தான். பண்டிகைக் காலத்தில் பொதிகள் மலையாகக் குவியும்போது, இத்தகைய பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

முகவரியால் நேரும் தாமதமும் உண்டு. கங்காதர நெல்லூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முற்பாதியை விட்டு 'நெல்லூர்' என்று மட்டும் குறித்தால், அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நெல்லூர் நகரத்தையன்றோ குறிக்கும்? ஒரே பெயருடைய ஊர்கள் பல உள்ள நம் நாட்டில் இத்தகைய மயக்கம் நேராதிருக்கவே, 1972 ஆகஸ்டு 15 ஆம் நாள் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியையும், முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. சித்தூர், திருப்பதி நகரங்களின் எண்கள் 517 என்று தொடங்கும். நெல்லூர் நகரத்தின் எண் 524 என்று தொடங்கும். 2022 ஏப்ரல் 4 ஆம் நாள் ஆந்திரத்தில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. மாவட்டப் பெயர்கள் மாறினும் எண்ணைச் சரியாக எழுதினால் பொதி வழி தவறாது. பெயர் மயக்கினாலும் எண் மயக்காது.

இனி, மனித மனத்தின் இயல்பைப் பார்ப்போம். டேவிட் மைஸ்டர் என்ற அறிஞர் 1985 ஆம் ஆண்டில், வரிசையில் காத்து நிற்போரின் மனநிலையைப் பற்றி எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீண்டதாகத் தோன்றும் என்பன அவர் கூறிய கருத்துகளுள் அடங்கும். பேருந்து நிலையத்தில் நின்றவர் எவரும் இதனை அறிவர். 'வண்டி ஒரு மணி நேரம் பிந்தி வரும்' என்று சொல்லிவிட்டால், போய்க் காப்பி அருந்திவிட்டு வருகிறோம். ஒன்றும் சொல்லாவிடில், அரைமணிக்குள் நூறுமுறை சாலையை எட்டிப் பார்க்கிறோம்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் 1854 ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட ஹாட்லி - பாக்ஸண்டேல் வழக்கு உலகப் புகழ் பெற்றது. குளொஸ்டர் நகரத்து மாவு ஆலை ஒன்றில் சுழல்தண்டு முறிந்தது. புதிய தண்டு வார்ப்பதற்கு மாதிரியாகப் பழையதைக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். கொண்டுசென்றவர்கள் சில நாட்கள் தாமதித்தார்கள். ஆலை அந்நாட்களில் ஓடாமல் நின்றது. ஆலையின் நட்டத்தை யார் ஏற்பது? தண்டு வராவிடில் ஆலையே நின்றுபோகும் என்னும் தனி நிலைமை, கொண்டுசென்றவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கருதியது; ஆகவே இலாப இழப்புக்கு அவர்களைப் பொறுப்பாக்க மறுத்தது. இயல்பாக விளையக்கூடிய இழப்புக்கும், இருதரப்பாரும் முன்னரே எண்ணியிருக்கக்கூடிய இழப்புக்கும்தான் ஈடு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73 ஆம் பிரிவிலும் இக்கொள்கையே அமைந்துள்ளது. அச்சட்டத்தின் 46 ஆம் பிரிவு, காலம் குறிக்கப்படாத இடத்தில் நியாயமான காலத்துக்குள் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. நம் தோட்டக்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அவசரம் இன்னது என்பதை எழுத்தில் சொல்லிவைத்தவருக்கே பின்னர் அதனைச் சுட்டிப் பேச இடம் இருக்கும்.

இணையவழி வாணிபத்துக்கென்றே மத்திய அரசு 2020 ஜூலை 23 ஆம் நாள் விதிகளை வெளியிட்டது. அறிவித்த நாளுக்குப் பிந்திப் பொருள் வருமாயின், விற்பவர் அதனைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுத்தல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. எனினும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு இது பொருந்தாது. 2021 நவம்பர் மழையில் திருப்பதியும் நெல்லூரும் வெள்ளத்தில் தத்தளித்து, சாலையும் இருப்புப் பாதையும் அறுபட்டதை நாம் அறிவோம். அத்தகைய வேளையில் விற்பவரைக் குறை கூறுதல் நியாயமன்று. ஆனால் வெள்ளத்தின் பெயரைச் சொல்லி, தம் கிடங்கில் நேர்ந்த அசட்டையை மறைத்தலும் நியாயமன்று.

முறையிடுவதற்கும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதனாலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். முன்பெல்லாம் தொலைதூர வியாபாரியின் ஊருக்கு அலைய நேருமோ என்று பலர் தயங்கினர். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று வகை செய்துள்ளது. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தபால்வழி வாணிப விதி இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. நாள் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள் பொருளை அனுப்ப வேண்டும். அனுப்ப இயலாவிடில் வாங்கியவருக்கு அதைத் தெரிவித்து, காத்திருப்பதா, பணத்தை வாபஸ் பெறுவதா என்று அவரையே முடிவு செய்யவிட வேண்டும். தாமதம் குற்றமன்று, தாமதத்தை மறைத்தலே குற்றம் என்னும் கருத்து அவ்விதியில் பொதிந்திருக்கிறது.

வாங்குவோருக்கும் கடமைகள் உண்டு. பணம் செலுத்துமுன் வந்து சேரும் நாளைப் படித்து, அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்க. திருமணத்துக்கோ தேர்வுக்கோ வேண்டிய பொருளாயின் கடைசி வாரம் வரை காத்திராதீர்கள். முகவரியில் ஊரின் முழுப்பெயரையும் அஞ்சல் எண்ணையும் அடையாள இடத்தையும் தவறாது குறியுங்கள். வெயிலில் பொதி சுமந்து வரும் இளைஞரிடம் சினந்து பயனில்லை. தாமதம் அவர் கையில் பொதி வருவதற்கு முன்பே நேர்ந்திருக்கக்கூடும். இன்னும் ஒன்று. 'உங்கள் பார்சல் தடைப்பட்டுள்ளது. சிறு தொகை செலுத்துக' என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பி ஏமாறாதீர்கள். காத்திருப்பவரின் கவலையே ஏய்ப்போருக்கு முதலாகிவிடுகிறது.

விற்பவருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. நான்கு நாளில் வருமென்று சொல்லி ஆறு நாளில் சேர்ப்பவரைவிட, ஏழு நாள் ஆகுமென்று சொல்லி ஆறு நாளில் சேர்ப்பவரையே வாடிக்கையாளர் மறுமுறை நாடுவர். இருவரும் எடுத்துக்கொண்டது ஒரே ஆறு நாள்தான். வேற்றுமை சொல்லிலே இருக்கிறது.

கங்காதர நெல்லூர்த் தோட்டக்காரர் கேட்டது மின்னல் வேகத்தை அன்று. 'நான்காம் நாள் வராது. ஒன்பதாம் நாள் வரும்' என்று இரண்டாம் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அவர் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போயிருப்பார், பூவும் தப்பியிருக்கும்.