சார்ஜ் ஏறும் நேரம்: சொகுசு மின்சாரக் கார் பயணிகளின் பாதுகாப்பும் சட்டம் தரும் துணையும்

பிஎம்டபிள்யூ ஐ7, மெர்சிடிஸ் பென்ஸ் ஈக்யூஎஸ் போன்ற சொகுசு மின்சாரக் கார்களின் பேட்டரி ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரம் கொள்ளும். அதை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 60 யூனிட் தேவை. 120 கிலோவாட் சார்ஜரில் இதற்கு அரை மணிக்குச் சற்று மேலாகும். 60 கிலோவாட்டில் ஒரு மணி, 30 கிலோவாட்டில் இரண்டு மணி. நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்குகளிலும் ஓட்டல் வளாகங்களிலும் 30, 60 கிலோவாட் சார்ஜர்கள் இன்னும் நிறையவே இருக்கின்றன. ஆகவே ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் விலையுள்ள வண்டி, இரவு பதினொரு மணிக்கு ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் கேபிள் மாட்டியபடி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்க நேரிடுகிறது.

இப்படி நிற்கும்போது காருக்கு உள்ள ஆபத்தைவிட அதில் வந்தவருக்கு உள்ள ஆபத்தே பெரிது. சார்ஜிங் கன் செருகப்பட்டிருக்கும்வரை கார் நகராது. கன்னும் காரின் சார்ஜிங் வாயோடு பூட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும் காரை ஓட்டிக்கொண்டு போவது திருடனுக்கு எளிதல்ல. ஆனால் கன்னை மாட்டுபவர் சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறார். ஒரு கையில் கனமான கேபிள், மறு கையில் ஆப் திறந்திருக்கும் போன், சட்டைப் பையில் கார் சாவி. கைப்பை முன் இருக்கையில் கிடக்கிறது. பறிப்பவனுக்கு இதைவிட வாய்ப்பான நேரம் இல்லை.

விலை உயர்ந்த காரைச் சுற்றி ஆட்கள் கூடுவது நம் ஊரில் வழக்கம். வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் வருபவர்களை எல்லாம் சந்தேகப்படத் தேவையில்லை. அவர்கள் அருகில் இருப்பதே பல நேரம் பாதுகாப்பு. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். எங்கே போகிறீர்கள், தனியாகவா வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கேள்விக்கும், ‘இதோ கிளம்பப் போகிறோம்’ என்பதே போதும். சில ஆப்கள் எந்த இடத்தில் யார் சார்ஜ் போட்டார்கள் என்பதைப் பயனர் பெயரோடு மற்றவர்களுக்குக் காட்டும். அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

பாதுகாப்பில் பெரும்பகுதி இடத்தைத் தேர்வதிலேயே முடிந்துவிடுகிறது. மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நெடுஞ்சாலைகளில் சாலையின் இரு பக்கமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்கின்றன. இது இலக்குதான்; எல்லாச் சாலைகளிலும் நிறைவேறிவிடவில்லை. ஆனாலும் சென்னை–பெங்களூரு போன்ற பெருவழிகளில் ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேடும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டுமானால் பேட்டரியில் மிச்சம் இருக்க வேண்டும். 5 சதவீதத்தோடு வந்து சேர்பவர் அந்த இடம் எப்படி இருந்தாலும் அங்கேயே நின்றாக வேண்டும். 25 சதவீதத்தோடு வருபவர், விளக்கு எரியவில்லை, வாட்ச்மேன் இல்லை, நாலைந்து பேர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டால் அடுத்த நிலையத்துக்குப் போய்விடலாம். இரவுப் பயணத்தில் இதைவிடப் பயனுள்ள முன்னெச்சரிக்கை வேறு இல்லை.

24 மணி நேரமும் இயங்கும் பெட்ரோல் பங்கில் உள்ள சார்ஜர், இரவில் மூடிவிடும் வணிக வளாகத்தின் பின்புறம் உள்ளதைவிட மேல். பங்கில் ஊழியர் இருப்பார், கேமரா இருக்கும். குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டியது பங்கின் கடமை. சார்ஜ் போட வந்தவருக்கும் அது பொருந்தும். ஆப்பில் பிற பயனர்கள் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் சார்ஜர் எங்கே இருக்கிறது, முன்பக்கமா, லாரிகள் நிற்கும் பின்பக்கமா என்பது தெரிந்துவிடும்.

சொகுசுக் கார்கள் பலவற்றைச் சம்பளத்துக்கு இருக்கும் ஓட்டுநர்களே ஓட்டுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதலாளி ஓட்டலில் தூங்கிக்கொண்டிருக்க, ஓட்டுநர் நள்ளிரவில் தனியாகப் போய்ச் சார்ஜ் போட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. ஆபத்து முழுவதும் அவர் தலையில்தான். சார்ஜர் உள்ள ஓட்டலில் அறை எடுப்பதும், பகலிலேயே சார்ஜ் போட நேரம் ஒதுக்குவதும் முதலாளி செய்யக்கூடிய எளிய காரியங்கள். பணியின்போது ஓட்டுநருக்கு ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பும் சட்டப்படி முதலாளிக்கு உண்டு.

நிலையத்துக்கு வந்ததும், கேபிள் எட்டுமானால், காரைப் பின்னோக்கி நுழைத்து முகப்பு சாலையைப் பார்க்க நிறுத்த வேண்டும். ஐ7, ஈக்யூஎஸ் இரண்டிலும் சார்ஜிங் வாய் பின்பக்க வலது ஓரத்தில் இருப்பதால் இது இயல்பாகவே அமையும். போர்ஷே டைகானில் வாய் முன்சக்கரத்தின் அருகே இருக்கிறது. அங்கே கேபிளின் நீளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆப்பைத் திறந்து, வாலெட்டில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது வரை எல்லாவற்றையும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே முடித்துவிடலாம். பிறகு இறங்கிக் கன்னை மாட்டிவிட்டு, திரும்ப உள்ளே அமர்ந்து பூட்டிய பின் சார்ஜைத் தொடங்கலாம். பெரும்பாலான ஆப்கள் இதற்கு இடம் தருகின்றன. வெளியே நிற்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

ஆபத்து என்று பட்டதும் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கைதான் மின்சாரக் காரில் ஏமாற்றம் தரும். கிளம்ப வேண்டுமானால் முதலில் ஆப்பிலோ கார்த் திரையிலோ சார்ஜை நிறுத்த வேண்டும்; மின்னோட்டம் தணியச் சில விநாடிகள் ஆகும்; பூட்டு விடுபட வேண்டும்; பிறகு ஒருவர் இறங்கிக் கன்னைப் பிடுங்க வேண்டும். பல கார்களில் கன்னின் பூட்டு கதவுப் பூட்டோடு இணைந்தது. சாவியில் ‘திற’ பட்டனை அழுத்தினால் கன்னும் விடுபடும், கதவுகளும் திறக்கும். வெளியே ஆள் நிற்கும்போது இது கூடாது. சார்ஜிங் வாயை மட்டும் திறக்கும் பட்டன் கார்த் திரையில் இருக்கிறதா என்பதைக் கார் வாங்கிய அன்றே தெரிந்துகொள்ள வேண்டும். சார்ஜரில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் தீ, மின்கசிவு போன்றவற்றுக்கானது. அது மின்சாரத்தை நிறுத்தும், ஆனால் கன்னை விடுவிக்கும் என்று சொல்ல முடியாது. பூட்டு சிக்கிக்கொண்டால் கையால் இழுத்து விடுவிக்கும் கயிறு பல கார்களில் உண்டு. மின்சாரம் ஓடும்போது அதை இழுக்கக் கூடாது.

ஆகவே உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பதுதான் சரி. கதவைப் பூட்டி, விளக்கு எல்லாவற்றையும் போட்டு, ஹாரனை விடாமல் அடித்து, அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் அறிமுகமான காவல் துறையின் ‘காவல் உதவி’ ஆப்பில் உள்ள சிவப்புப் பொத்தான் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு, பெண்களுக்கு 181. வெளியே நிற்கும்போது மிரட்டப்பட்டவர் காரை நோக்கி ஓடக் கூடாது. ஆட்கள் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். சாவியைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். காருக்குக் காப்பீடு இருக்கிறது. உயிரை எந்தக் காப்பீடும் திருப்பித் தராது.

தற்காப்பு உரிமையைக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில் எதிர்த்துத் தாக்குவது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. மிரட்டல் முழுதாக ஓய்ந்த பிறகு துரத்திப் போய்க் காரால் மோதினால், பாதிக்கப்பட்டவரே வழக்கில் சிக்கக்கூடும்.

மின்சாரத்தால் வரும் கேட்டுக்கு அஞ்சுவோர் பலர். உண்மையில் காரும் சார்ஜரும் தமக்குள் தகவல் பரிமாறி, மின்காப்பைச் சோதித்த பிறகே கன்னில் மின்சாரம் வரும்; மழையில் சார்ஜ் போடுவதே தவறு என்பதில்லை. கன்னின் உறை உடைந்திருந்தால், முனை கருகியிருந்தால், கேபிளின் உள்கம்பி தெரிந்தால், சார்ஜரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் தொடக் கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் நிலையம் நடத்துபவர் மீது தெளிவான கடமைகளைச் சுமத்துகின்றன. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஊழியரே நீட்டிப்பு வயரைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும்.

பண மோசடி இன்னொரு வகை. சார்ஜரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டி, போலி இணையதளத்துக்கு இழுக்கும் மோசடி ஐரோப்பிய நாடுகளில் நடந்திருக்கிறது. கடைகளின் யுபிஐ குறியீட்டை மாற்றி ஒட்டும் தந்திரத்தை அறிந்த நம் ஊரில் இது எளிதில் வரக்கூடியது. ஸ்டிக்கரின் விளிம்பை நகத்தால் தடவினால் அடியில் இன்னொன்று இருப்பது தெரியும். நிறுவனத்தின் ஆப்புக்குள் இருந்தே ஸ்கேன் செய்வது அதைவிட நல்லது. பணம் போய்விட்டால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்பு எளிது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாக இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஓடிபியையோ பின் எண்ணையோ தானே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது.

குற்றம் நடந்துவிட்டால் புகாரில் நேரம் கடத்தக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். கிருஷ்ணகிரி அருகே பறிகொடுத்தவர் சென்னையில் வந்து தந்தாலும் மறுக்க முடியாது. மின்னணு வழியில் அனுப்பிய புகாரில் மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். நம் காவல் நிலையங்களில் முதலில் சிஎஸ்ஆர் எனப்படும் மனு ரசீதைத் தந்து அனுப்புவது வழக்கம்; அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். கொள்ளை நடந்த நேரத்தைப் புகாரில் துல்லியமாக எழுதுவது அவசியம். கொள்ளைக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கும் நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்ததானால் அதைப் பதினான்கு ஆண்டு வரை உயர்த்துகிறது. கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைப் பாதுகாக்குமாறு நிலையம் நடத்துபவருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைப் போலீஸுக்கும் தர வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். போலீஸில் உடனடியாகப் புகார் செய்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டித் திருட்டு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சாவியைக் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், கவனக்குறைவைச் சொல்லி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனங்கள் முயலும். மறுக்கப்பட்டவர் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும். இழப்பு அதைத் தாண்டும்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது பொருத்தம்.

எரியாத விளக்கு, எடுக்கப்படாத உதவி எண், பழுதான கன், ஆப்பில் எடுத்துக்கொண்டு திருப்பித் தராத பணம் ஆகியவற்றை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியலாம். தீராவிட்டால், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். சார்ஜர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். எந்த நிலை நுகர்வோர் ஆணையம் என்பது காரின் விலையையோ இழப்பையோ பொறுத்ததல்ல, அந்தச் சேவைக்குக் கொடுத்த பணத்தைப் பொறுத்தது. ஆகவே கோடி ரூபாய்க் காரின் காப்பீட்டு வழக்குகூட, பிரீமியம் 50 லட்சத்துக்குள் இருப்பதால், மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். 5 லட்சம் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரை ஆணையத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும்.