துயரத்தை வீட்டுக்குள் பூட்டாதீர்கள்



காய்ச்சல் கண்ட பிள்ளையை உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லும் நாம், மனம் சோர்ந்த பிள்ளையை அறைக்குள் மறைத்து வைக்கின்றோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமும், ஈமான் குறைந்தவருக்கே இந்நிலை வரும் என்ற தவறான எண்ணமுமே இதற்குக் காரணங்களாகும்.

யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்பார்வையை இழந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்றாஹீம் மரணித்த வேளையில் கண்ணீர் சிந்தினார்கள். நபிமார்களின் கவலையை ஈமானின் குறைவு என்று எவரேனும் கூறுவாரா? கி.பி. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடலைப் போலவே உள்ளமும் நோயுறும் என்பதைத் தம் நூலில் விளக்கியுள்ளார்.

அவ்வாறாயின் துயரம் எவ்வாறு தணிகிறது? ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் துக்கத்திலிருப்போருக்கு 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொன்னார்கள். நம் ஊர்களில் மையித்து வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டு செல்வதும் இவ்வழியிலேயே அமைந்ததாகும். சோற்றுடன் வருபவர் சற்று நேரம் அருகில் அமர்கிறார். தாம் தனித்து விடப்படவில்லை என்பதைத் துயருற்றவர் அப்போது உணர்கிறார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி நம் கரையோரத்தை அழித்தது. இவ்விரு துயரங்களையும் சுமந்தோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களின் மௌனத்தைப் பிள்ளைகளும் சுமக்கின்றனர்.

சொல்ல வார்த்தையில்லாத துயரத்துக்கு இயற்கையும் துணை செய்கிறது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றுகூடினர். மரஞ்செடிகளின் நடுவே களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், கதை கூறினர். நாவால் கூற இயலாததைக் கைகள் கூறின.

நமக்கும் அல்லாஹ் அருளிய வாவி அருகிலேயே இருக்கின்றது. தந்தையரே! அஸர் தொழுதபின் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாவிக்கரையில் நடந்து செல்லுங்கள். கேள்விகளால் துளைக்காதீர்கள். தோணிகளையும் கண்டல் மரங்களையும் பார்த்தவாறு உடன் நடந்தாலே போதுமானது. பேச வேண்டியதைப் பிள்ளை தானாகவே பேசும். வெளிச்சமும் நடையும் உறக்கத்தைச் சீராக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கின்றது.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் குன்றினால், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒரு முறையேனும் எழுந்தால், தாமதியாது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். ஜின் பிடித்தது என்று கூறி அடிப்பதும் கட்டி வைப்பதும் பாவமாகும். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மருந்துக்குத் தடையல்ல. மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களே நம்மை ஏவியுள்ளார்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியை அருள்வானாக! ஆமீன்.