எல்லோருக்கும் எட்டும் வீட்டுத் திரை

அறிவியலின் பயன் கற்றவர் கையோடு நின்றுவிடாமல் கல்லாதவரையும் சென்றடையும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. இன்று கிள்ளையிலும் சிதம்பரத்திலும் கைப்பேசி இல்லாத வீடு அரிது. வைஃபையும், இணையத்தோடு இணையும் தொலைக்காட்சிப் பெட்டியும் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆயினும் மகனின் திருமணப் படத்தையோ, தமக்குப் பிடித்த பழைய பாட்டையோ காண விரும்பும் பாட்டி, பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும் வரை காத்திருக்கிறார். கருவி வீட்டில் இருக்கிறது. அதன் பயன் அவருக்கு எட்டவில்லை. இக்குறையை நீக்கும் வழியைப் பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம்.

கடற்கரை தந்த பாடம்

இவ்வழிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நமக்கு வடக்கே புதுச்சேரிக் கடற்கரையிலேயே உள்ளது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. தொலைபேசி வசதி போதாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் மூலம் செய்திகள் அனுப்பப்பட்டன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளி மின்சாரமும் பயன்பட்டது.

மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்திற்குக் கடல் அலையின் உயரம் பற்றிய செய்தி தேவைப்பட்டது. அது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, தமிழாக்கப்பட்டு, ஒலிபெருக்கி மூலம் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. கரையில் வலை பின்னிக் கொண்டிருந்தவர் கணிப்பொறியைத் தொட வேண்டியதில்லை. ஆங்கிலம் அறிய வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இவ்வேற்பாட்டின் அருமை புலப்பட்டது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அது உடனே அறிவிக்கப்பட்டது. வீடுகளும் படகுகளும் சேதமடைந்தபோதும் ஊர் மக்கள் உயிர் தப்பினர். அதே நாளில் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு அடைந்த இழப்பை நம் பகுதி மக்கள் மறந்திலர். எச்சரிக்கை எளிய வடிவில் விரைந்து வருவதன் மதிப்பை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அடங்கிய உண்மை ஒன்றே. கடினமான வேலை முழுவதையும் அமைப்பவர் ஏற்றுக்கொண்டார். பயன்படுத்துபவருக்கு எளிய முடிவு மட்டும் சென்றது. வீட்டுத் திரையை அமைக்கும்போதும் நாம் கொள்ள வேண்டிய விதி இதுவே.

ஸ்ட்ரீமிங் என்பது யாது?

குடத்தில் நீரை நிரப்பி வைத்துக் குடிப்பது ஒரு முறை. ஓடும் வாய்க்காலில் வேண்டும்போது கையால் முகந்து குடிப்பது மற்றொரு முறை. படத்தை முழுவதும் இறக்கி வைத்துப் பார்ப்பது முதல் வகை. ஸ்ட்ரீமிங் இரண்டாவது வகை. படம் ஓரிடத்தில் இருக்க, அதன் சிறு சிறு துண்டுகள் தொடர்ந்து திரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. சில விநாடிகளுக்கு வேண்டிய துண்டுகள் மட்டும் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படுகின்றன. வரத்துக் குறைந்து, சேர்த்ததும் தீர்ந்துவிட்டால், திரையில் வட்டம் சுழல்வதைக் காண்கிறோம்.

தெளிவான ஒரு படத்திற்கு விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும் எனக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். ஆகவே 18,000 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் இது 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜி.பி. ஆகும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும் கைப்பேசித் திட்டம் ஒரு மணி நேரப் படத்திற்கே போதாது. ஆனால் படம் நம் வீட்டுக் கணிப்பொறியிலேயே இருந்து, வைஃபை வழியாகத் தொலைக்காட்சிக்குச் சென்றால் இணைய அளவில் ஒரு துளியும் செலவாகாது. இணையம் அறுந்த நாளிலும் படம் ஓடும்படி அமைக்கலாம். வீட்டு ஸ்ட்ரீமிங்கின் பெரும்பயன் இது.

வேண்டிய பொருள்கள்

முதலாவது, படங்களைச் சேமித்து வழங்கும் ஒரு கணிப்பொறி. வேலை செய்யும் பழைய லேப்டாப்பே போதும். அது 20 வாட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுவதும் ஓடினாலும் அரை யூனிட்டுக்கு மேல் ஆகாது. இரண்டாவது, ஹார்டு டிஸ்க். 1,000 ஜி.பி. கொண்ட ஒன்றில் மேற்கண்ட கணக்குப்படி 440 மணி நேரப் படங்கள் அடங்கும். மூன்றாவது, வைஃபை தரும் ரூட்டர். நான்காவது, ஸ்மார்ட் டிவி. அல்லது சாதாரண டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்டிக். ஐந்தாவது, இவற்றை இணைக்கும் மென்பொருள்.

இம்மென்பொருள்களுள் ஜெல்லிஃபின் என்பது குறிப்பிடத்தக்கது. 2018 டிசம்பரில் தொடங்கிய இது, தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் மென்பொருள். கணிப்பொறியில் இதன் வழங்கிப் பகுதியையும் டிவியில் இதன் செயலியையும் நிறுவ வேண்டும். கணிப்பொறியை இயன்றவரை கம்பி மூலமே ரூட்டரோடு இணைப்பது நலம். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் செல்ல வல்லது. டிவி அடுத்த அறையில் இருந்தால் இரண்டையும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணிப்பொறி இல்லாத வீட்டார் வருந்த வேண்டியதில்லை. எம்.பி.4 வடிவில் உள்ள படங்களைப் பென் டிரைவில் இட்டு டிவியின் பின்புறம் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். இது ஸ்ட்ரீமிங் அன்று. ஆயினும் நோக்கம் நிறைவேறும்.

பாட்டிக்கேற்ற அமைப்பு

இதுவரை சொன்னவை கருவிகளைப் பற்றியவை. அவற்றை நிறுவியதோடு வேலை முடிந்ததாகக் கருதலாகாது. பயன்படுத்துவோரின் வழக்கத்திற்கு ஏற்ப அவற்றை அமைப்பதே முக்கியம்.

பெயர்களை முதலில் கவனிப்போம். கைப்பேசி தானாக இடும் எண்கள் பாட்டிக்கு ஒன்றும் உணர்த்தா. அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே பெயரிட வேண்டும்: ‘சித்தப்பா கலியாணம்’, ‘தாத்தா பேசினது’, ‘மாசி மகம்’. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதும், வழியில் தைக்கால் தர்காவில் அவருக்கு மரியாதை செய்யப்படுவதும் நம் ஊரின் பெருமை. அக்காட்சிகள் எத்தனை கைப்பேசிகளில் பெயரின்றிக் கிடக்கின்றன! ஜெல்லிஃபினில் இவற்றை வீட்டுப் படங்கள் என்னும் வகையில் சேர்க்க வேண்டும். திரைப்பட வகையில் சேர்த்தால் அது பெயரை வைத்து இணையத்தில் வேறொரு படத்தின் விவரத்தைத் தேடி இணைத்துவிடக் கூடும்.

அடுத்து, பாட்டிக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அவர் விரும்பும் நான்கைந்து தொகுப்புகள் மட்டும் தோன்றுமாறு செய்ய வேண்டும். அழிக்கும் உரிமையை அக்கணக்கிற்குத் தரலாகாது. எதை அழுத்தினாலும் எதுவும் கெடாது என்று தெரிந்தால்தான் அச்சம் நீங்கும். பெரியவர்கள் பலரைத் தடுப்பது அறியாமை அன்று; கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமே.

ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தருகிறது. அது வீட்டுக் கதவிலக்கம் போன்றது. கணிப்பொறியின் எண் மாறினால் டிவிக்கு வழி தெரியாமல் போகலாம். ஆகவே ரூட்டரில் அவ்வெண்ணை நிலையாக ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் கணிப்பொறி தானாக இயங்கவும், இடையில் உறங்காதிருக்கவும் அமைப்பது அவசியம். பழைய படங்களைச் சில டிவிகள் படிக்க இயலாதபோது கணிப்பொறி அவற்றை உடனுக்குடன் மாற்றித் தர முயலும். பழைய கணிப்பொறி இதில் திணறும். முன்னதாகவே எச்.264 முறையில் மாற்றி வைத்தால் இத்தொல்லை இராது.

ரிமோட்டில் தேவையற்ற பொத்தான்களை ஒட்டுத்தாளால் மறைத்து, வேண்டியவற்றில் மட்டும் வண்ணப் பொட்டு ஒட்டலாம். சிவப்பை அழுத்தினால் டிவி எரியும். பச்சையை அழுத்தினால் படம் ஓடும். மஞ்சளை அழுத்தினால் பழைய இடத்திற்குத் திரும்பலாம். இம்மூன்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி அருகில் வைக்க வேண்டும்.

பின்னர், பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, வாய் பேசாமல் அவர் இயக்குவதைக் கவனிக்க வேண்டும். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே அமைப்பில் குறை உள்ளது. அவரைத் திருத்துவதை விட்டு அமைப்பைத் திருத்த வேண்டும்.

காக்க வேண்டியவை

நம் வீட்டுப் பரண்களில் வீடியோ கேசட்டுகள் இன்னும் உறங்குகின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ கேசட் கருவி தயாரிப்பை நிறுத்திவிட்டது. கேசட்டின் நாடாவும் ஆண்டுதோறும் நலிகிறது. ஓடும் கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிவிட வேண்டும். மறைந்த தாத்தாவின் குரல் உலகில் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கக் கூடும். ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் பழுதடையும். ஆகையால் எப்போதும் இன்னொரு படி எடுத்து, வேறொரு வீட்டில் வைப்பது அறிவுடைமை. வெள்ளமும் புயலும் கண்ட நம் மாவட்டத்தார்க்கு இதன் காரணம் விளங்கும்.

பிறர் உழைப்பில் உருவான திரைப்படங்களை முறையின்றி இறக்கிச் சேர்ப்பது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது. இந்த அமைப்பை வீட்டுக்கு வெளியே இணையத்தில் திறந்துவிடுவதும் ஆபத்து. நம் வீட்டுப் படங்கள் நம் வீட்டாருக்கே உரியவை.

நாம் பள்ளியில் கற்கும் கணிப்பொறிக் கல்வி மதிப்பெண்ணோடு முடிந்துவிடலாகாது. நமக்கு எழுத்தறிவிக்க உழைத்த பெரியோர்க்கு அதன் பயனை அவர்கள் மொழியில், அவர்கள் வழக்கத்தில் கொண்டு சேர்ப்பது நம் கடமை. வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் இதற்கென ஒதுக்குவோம். நாம் இல்லாத நேரத்திலும் பாட்டி தாமே பொத்தானை அழுத்தித் தாம் விரும்பியதைக் காணட்டும்.