ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: கொண்டாடும் ரசிகர்களே குறை சொல்வது ஏன்?

ஒரு கேமை நூறு மணி நேரம் விளையாடி முடித்துவிட்டு, "நல்ல கேம்தான்... ஆனா" என்று இழுப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பற்றிப் பேச்செடுத்தால் அந்த "ஆனா" கட்டாயம் வரும். வெளிவந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் 7 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்ற விளையாட்டு இது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதற்கு 100-க்கு 97. அப்படியிருந்தும் இதை மிகவும் நேசிப்பவர்களிடம்தான் மிக நீளமான புகார்ப் பட்டியலும் இருக்கிறது.

ஏன் இப்படி?

(முக்கியக் குறிப்பு: கதையின் முடிவை ஒட்டிய சில விவரங்கள் கீழே வருகின்றன. இன்னும் விளையாடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலில், இது என்ன விளையாட்டு?

ஜிடிஏ வரிசையைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபர் 26 அன்று இதை வெளியிட்டது. கணினிக்கு 2019 நவம்பரில் வந்தது. கணினியில் ஏற்றவே 150 ஜிபி இடம் வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இல் வட்டாக வாங்கியவர்களுக்கு இரண்டு வட்டுகள் இருந்தன.

கதை நடப்பது 1899-இல், அமெரிக்காவில். ஆர்தர் மார்கன் என்பவன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் மூத்த அடியாள். கூட்டத்தின் தலைவன் டச். ஒரு கொள்ளை சொதப்பிப்போய், போலீசுக்கும் பணக்காரர்களின் கூலிப்படைக்கும் பயந்து கூட்டம் முழுக்க ஓடுகிறது. மலை, சதுப்பு நிலம், சமவெளி என்று முகாம் மாறிக்கொண்டே இருக்கிறது. இரயில் வந்துவிட்டது, தொழிற்சாலை வந்துவிட்டது, சட்டம் வந்துவிட்டது. அவர்கள் வாழ்ந்த விதத்துக்கு இனி இடமில்லை. 2010-இல் வந்த முதல் பாகத்தின் கதைக்கு முந்தைய காலம் இது.

இதை 'திறந்த உலக' விளையாட்டு என்கிறார்கள். ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம் என்ற பழைய முறை இதில் இல்லை. பெரிய நிலப்பரப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கதையைத் தொடரலாம். தொடராமல் மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், ஊர் ஊராகச் சுற்றலாம், மதுக்கடையில் போக்கர் ஆடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

அந்த உலகம் நம்மைக் கண்டுகொள்கிறது என்பதுதான். ஆர்தருக்குத் தாடி வளரும், நாம்தான் சவரம் செய்துவிட வேண்டும். சேற்றில் விழுந்தால் ஆடை அழுக்காகும், ஊருக்குள் போனால் ஆட்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் துருப்பிடித்துச் சுடும் திறன் குறையும். குதிரைக்குத் தீனி போட்டு, தேய்த்துவிட்டு, தட்டிக் கொடுத்துப் பழக்கினால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தக் குதிரை செத்தால் செத்ததுதான். மிருகங்கள், பறவைகள், மீன்கள் என்று சுமார் 200 வகை உயிரினங்கள் இதில் உண்டு.

இதன் பின்னால் இருக்கும் உழைப்பும் சாதாரணமானது அல்ல. ஏறத்தாழ எட்டு ஆண்டு வேலை. 3 லட்சம் அசைவுகள், 5 லட்சம் வசன வரிகள், 1,200 நடிகர்கள் என்று தயாரிப்பாளர்களே கணக்குச் சொன்னார்கள். ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க், 2018-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதை வாங்கினார்.

இரவில் முகாம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கூட்டத்தார் பாடுவார்கள், சண்டை போடுவார்கள், பழங்கதை பேசுவார்கள். நாம் சும்மா நின்று கேட்டால் போதும். பத்து நிமிடம் நின்றாலும் புதிதாக ஏதாவது காதில் விழும். இந்த மாதிரி ஓர் உயிரோட்டம் வேறு கேம்களில் கிடைப்பது அரிது. இதில் பெரும்பாலான ரசிகர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

அப்புறம் என்ன குறை?

மெதுவானது. ரொம்ப மெதுவானது. முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் குதிரை நடத்திக்கொண்டு போக வேண்டும். விழுந்து கிடக்கும் ஒருவனின் சட்டைப்பையில் தேடினால், கையை விட்டுத் துழாவி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். முகாமுக்குள் ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். "டேய், இது கேமா, வேலையா?" என்று நண்பர்கள் பாதியில் விட்டுப் போவது இதனால்தான். எனக்கு இந்த நிதானம் பிடிக்கும். ஆனால் வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடக் கிடைப்பவரிடம் போய், "பொறுமையா இருங்க, போகப் போக நல்லா இருக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாவது, பொத்தான் குழப்பம். குதிரையில் ஏற அழுத்தும் அதே பொத்தான், பக்கத்தில் ஆள் நின்றால் அவர் மேல் பாய்ந்துவிடும். அவ்வளவுதான், ஊரே கூடி, சட்டம் துரத்த ஆரம்பித்துவிடும். ஒரு பாவமும் செய்யாமல் ஊரை விட்டு ஓடிய அனுபவம் இதை விளையாடிய பலருக்கும் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஐந்தாவது முறை நடக்கும்வரை.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. கதைக்கு வெளியே இருக்கும் சுதந்திரம் கதைக்குள் இல்லை. சுற்றித் திரியும்போது எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒரு கதைப் பணியைத் தொடங்கிவிட்டால், வரைபடத்தில் காட்டிய மஞ்சள் கோட்டை விட்டு விலகக் கூடாது. எதிரியைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து பிடிக்கலாம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளிப் போனால், கூட்டாளிகளை விட்டுவிட்டீர்கள், தோல்வி என்று திரை நின்றுவிடும். சொன்ன இடத்தில் நின்று, சொன்ன பாறைக்குப் பின்னால் ஒளிந்து, சொன்ன நேரத்தில் சுட வேண்டும்.

சுதந்திரமாக வாழ வேண்டும் என்று டச் மூச்சுக்கு மூச்சு பிரசங்கம் செய்கிறான். அவன் கதையைச் சொல்லும் பணிகளிலோ நமக்கு ஓர் அடி விலக உரிமை இல்லை. தலைவனை நம்பிப் பின்னால் போய் ஏமாறும் ஆர்தரின் நிலைக்கு இது பொருத்தம்தான் என்று வாதாடும் ரசிகர்களும் உண்டு. கெட்டிக்கார வாதம். ஆனால் 2001-இல் வந்த ஜிடிஏ 3 காலத்திலிருந்தே இந்த நிறுவனத்தின் பணிகள் ஏறத்தாழ இதே பாணியில்தான் வருகின்றன என்பதை யோசித்தால், அதைப் பழைய பழக்கம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கடன் வசூலும் காசநோயும்

இருந்தாலும் கதை பிடித்து இழுக்கிறது. காரணம் ஒரு சிறிய வேலை. முகாமில் ஸ்ட்ராஸ் என்பவன் ஏழைகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கிறான். நம் ஊர் ஆலோங் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூலுக்குப் போவது ஆர்தர், அதாவது நாம். டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயி ஒருவரை, மனைவியும் மகனும் பார்க்க, ஆர்தர் அடிக்கிறான். அடிபட்டவர் முகத்துக்கு நேரே இருமுகிறார்.

பல மணி நேர விளையாட்டுக்குப் பிறகு மருத்துவர் சொல்கிறார்: ஆர்தருக்குக் காசநோய். 1899-இல் அதற்கு மருந்து கிடையாது. அதற்குப் பிறகு ஆர்தர் இளைத்துப்போகிறான், இருமுகிறான், கண்ணைச் சுற்றிச் சிவக்கிறது. அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததையும் நம் கண்முன் காட்டுகிறார்கள். நாம் பொத்தானை அழுத்தி அடித்த அடி அது. ஒரு கேம் தன் ஆட்டக்காரரிடம் இவ்வளவு நேரடியாகக் கணக்குக் கேட்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

1899-இல் நம் பக்கம் என்ன நடந்தது?

பெம்பான் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு வேறு ஒன்றை நினைவூட்டும். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் தொடங்கியது அங்கேதான். அடுத்த சில ஆண்டுகளில் அது ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டமாக விரிந்தது. ஆர்தர் குதிரையில் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், நம் தாத்தா பாட்டிகளின் முன்னோர் கப்பலேறி வந்த தோட்டங்களுக்கு இங்கே காடு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கப்பல் கட்டணமும் முன்பணமும் கடனாக ஏறி, அந்தக் கடனை அடைக்கவே பெரட்டுக்கு நின்றவர்கள் பலர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி வழி ஆள் எடுப்பது 1938 வரை நீடித்தது.

அதனால்தான் ஐந்தாம் அத்தியாயம் வரும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கப்பல் உடைந்து, ஆர்தரும் சிலரும் குவார்மா என்ற கற்பனைத் தீவில் கரை ஒதுங்குகிறார்கள். கியூபாவுக்கு அருகே இருப்பதாகச் சொல்லப்படும் கரும்புத் தோட்டத் தீவு அது. ஒரு கர்னல் ஆள்கிறார், ஆட்களைக் கட்டாய வேலையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கரை ஒதுங்கியவர்களுக்கும் சங்கிலி விழுகிறது. பச்சைக் கரும்பு, வெயில், காவல் கோபுரம். "அடடா, இது நம்ம கதைக்குப் பக்கத்துல வருதே" என்று தோன்றியது.

வந்த வேகத்தில் போய்விட்டது. சில சண்டைகள், ஒரு பீரங்கி, திரும்பிப் போக ஒரு கப்பல். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார், எங்கே படுத்தார்கள், என்ன பாடினார்கள் என்று எதுவும் தெரியாது. அமெரிக்கக் காட்டில் ஒரு மானின் தோலை உரிப்பதை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய கேம், இந்த மனிதர்களைப் பின்னணியாக நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கதை முடிந்த பிறகு வரைபடத்தில் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம், ஆனால் குவார்மாவுக்கு முறையாகத் திரும்பிப் போக வழியே இல்லை. கேமின் பலவீனமான பகுதி என்று பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள், அவர்கள் சொல்லும் காரணம் விறுவிறுப்பு குறைவு என்பது. எனக்கு உறுத்துவது அந்த அவசரம்.

செய்தவர்களின் கதை

வெளியாவதற்குச் சில நாள் முன்பு, ராக்ஸ்டாரின் டான் ஹவுசர் ஒரு பேட்டியில் வாரம் 100 மணி நேரம் வேலை செய்ததாகப் பெருமையாகச் சொல்லப்போய்ப் பெரிய சர்ச்சை எழுந்தது. அது மூத்த எழுத்தாளர்கள் நால்வர் மட்டும் மூன்று வாரம் செய்த வேலை என்று பின்னர் விளக்கம் தந்தார். ஆனால் கொட்டாக்கு தளம் ஏறத்தாழ 90 இந்நாள், முன்னாள் ஊழியர்களிடம் பேசி வெளியிட்ட கட்டுரையில், நீண்ட நேர வேலை பலரையும் வாட்டியது தெரிந்தது. முகாம் நெருப்பைச் சுற்றி நாம் ரசிக்கும் அந்த நுணுக்கங்களுக்கு ஒரு விலை இருந்தது என்பதை அறிந்த பிறகு, ரசிப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இணையப் பதிப்புக்கு என்ன ஆனது?

பலர் சேர்ந்து ஆடும் ரெட் டெட் ஆன்லைன் 2018 நவம்பரில் சோதனையாகத் தொடங்கியது. ஜிடிஏ ஆன்லைன் அளவுக்கு அது பணம் ஈட்டும் களமாக வளரவில்லை. கடைசிப் பெரிய புதுப்பிப்பு 2021 ஜூலை 13-இல் வந்தது. சரியாக ஓர் ஆண்டு கழித்து, அதே தேதியில், ரசிகர்கள் கேமுக்குள்ளேயே கறுப்பு உடை அணிந்து கூடி அதற்கு 'இறுதிச் சடங்கு' நடத்தினார்கள். அதே மாதம்தான், இனி பெரிய புதுப்பிப்புகள் வராது, ஆட்கள் அடுத்த ஜிடிஏ வேலைக்குப் போகிறார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. கதைப் பகுதிக்கும் கூடுதல் அத்தியாயம் எதுவும் வரவில்லை. குவார்மாவில் மிச்சம் இருந்ததை அங்கே சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளைகள் விளையாடலாமா?

ஐரோப்பியத் தரப்படி இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அமெரிக்காவில் 17. துப்பாக்கிச் சூடு, இரத்தம், குடி எல்லாம் தாராளமாக உண்டு. தமிழோ மலாயோ வசன வரிகளில் கிடையாது. அமெரிக்கக் கிராமத்துப் பேச்சை ஆங்கிலத்தில்தான் பின்தொடர வேண்டும், அது பெரியவர்களுக்கே சில இடங்களில் பிடிபடாது. தமிழ்க் குடும்பத்தின் கதையை ஒரு கேமில் பார்க்க விரும்புபவர்களுக்கு 2023-இல் வந்த 'வெண்பா' இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ் அம்மாவின் சமையலறைதான் அதன் களம். சுற்றித் திரிய நிலமெல்லாம் இல்லை, ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இப்போது வாங்கலாமா?

ராக்ஸ்டாரின் அடுத்த பெரிய படைப்பான ஜிடிஏ 6 இரண்டு முறை தள்ளிப்போய், 2026 நவம்பர் 19-க்கு அறிவிக்கப்பட்டது. அந்தக் காத்திருப்பில் இதைக் கையில் எடுப்பவர்கள் விலைத் தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாம். அடிக்கடி வரும். முதல் அத்தியாயத்தின் பனியை மட்டும் தாண்டிவிடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கதையை அவசரப்பட்டு நகர்த்தாமல், குதிரையை ஏதாவது ஒரு பக்கம் திருப்பி விடுங்கள். ஸ்ட்ராஸின் கடன் வேலையைத் தள்ளிப்போடலாமே என்று நினைக்காதீர்கள், டௌன்ஸ் வீட்டு வாசலுக்குப் போகாமல் கதை நகராது.