முழங்காலுக்கு எத்தனை புள்ளி?

உதைபந்து விளையாடும்போது கால் நிலத்தில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முழங்காலுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முன்சிலுவை நார் அறுந்திருக்கிறது. டொக்டர்மார் ஏசிஎல் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலிருந்தே தசைநாண் துண்டொன்றை எடுத்து, அந்த நாரைப் புதிதாக அமைக்கிறார்கள்.

சரி, ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருசம். கால் சுகமா இல்லையா என்பதை எப்படி அளப்பது?

டொக்டர் கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார். புதிய நார் இறுக்கமாக நிற்கிறதா என்பது அதில் தெரியும். ஆனால் படி ஏறும்போது நோகுதா, நடக்கும்போது கால் நழுவுதா என்பது காலுக்குரியவருக்குத்தான் தெரியும். அதற்காகவே வினாக்கொத்துகள் வந்தன.

அவற்றில் பெயர்பெற்றது, சுவீடனைச் சேர்ந்த லைஷோல்ம், கில்குவிஸ்ட் என்ற இருவர் 1982இல் வெளியிட்டது. 1985இல் திருத்தப்பட்ட வடிவத்தில் மொத்தம் 100 புள்ளிகள். நோவுக்கு 25, கால் நழுவாதிருப்பதற்கு 25, மூட்டு இறுகிப் பூட்டிக்கொள்ளாதிருப்பதற்கு 15, வீக்கத்துக்கு 10, படி ஏறுவதற்கு 10, நொண்டாமல் நடக்க 5, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க 5, குந்துவதற்கு 5. கூட்டுத்தொகை 95ஐத் தொட்டால் ‘மிகச் சிறப்பு’ என்று கொள்வது வழக்கம்.

கணக்கைக் கவனியுங்கள். குந்தவே ஏலாத ஒருவர் மற்ற எல்லாவற்றிலும் முழுப்புள்ளி எடுத்தால் அவருக்கு 95. தாளின்படி அவர் மிகச் சிறப்பாக இருக்கிறார். பள்ளியில் அவர் கதிரையில் இருந்து தொழுகிறார்.

இது அளவுகோலின் பிழையல்ல. நார் அறுந்தவரின் பெரிய முறைப்பாடு கால் நழுவுவது; அதற்கு ஏற்பப் புள்ளி பிரித்தார்கள். முழங்காலை ஊன்றுவது பற்றி அது கேட்பதேயில்லை. 1998இல் வந்த கூஸ் என்ற வினாக்கொத்து அதையும் குந்துவதையும் தனித்தனியே கேட்கிறது. ஆனால் அவற்றை ஓட்டம், பாய்ச்சல் ஆகியவற்றோடு விளையாட்டுப் பகுதியில் வைத்திருக்கிறது. நமக்கோ அது ஐவேளைக் காரியம்.

ஆகவே ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாண் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? முழங்காற்சில்லுக்குக் கீழேயுள்ள நாணை எடுத்தால், பின்தொடை நாணை எடுத்தவர்களைவிட முழங்கால் ஊன்றும்போது நோவு வருவது கூடுதல். அதற்கு வேறு அனுகூலங்கள் உண்டு. இருந்தாலும் உங்கள் தேவை அவருக்குத் தெரிய வேண்டும்.

பிறகு கிளினிக்கில், ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், ‘பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ‘சுஜூது செய்ய ஏலும், அத்தஹிய்யாத்தில் இருக்கத்தான் ஏலாம இருக்கு’ என்று விளக்கமாகச் சொல்லுங்கள். ஏலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டுதான். ஆனால் பயிற்சியால் மடியக்கூடிய காலை, யாரும் கேட்கவில்லை என்பதற்காகக் கதிரையிலேயே விட்டுவிடக் கூடாது.