வெளிச்சம் முந்தும், சத்தம் பின்னால் வரும்

2015 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. பாங்காக்கில் எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மணி 8.40 தாண்டியிருந்தது. நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு சரசரவென்று இறங்கியது, பளீரென்று வெடித்தது, புகையாகக் கலைந்தது. நெரிசலில் நின்ற கார்களின் கேமராக்களில் அந்தக் காட்சி பதிவாகிவிட்டது. விமானம் விழுந்துவிட்டது என்றார்கள் சிலர். பலூன் என்றார்கள் வேறு சிலர். தாய்லாந்தின் வானியல் ஆய்வு நிறுவனம் அது விண்கல் என்று விளக்கியபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது.

பாங்காக் மக்கள் தங்கள் தலைக்கு மேலே நடந்ததாக நினைத்த அந்த வெடிப்பு உண்மையில் நடந்தது மேற்கே வெகு தூரத்தில், காஞ்சனபுரி மாகாணத்தின் மேலே. தரையிலிருந்து 29 கி.மீ. உயரம். கல்லின் வேகம் விநாடிக்கு 21 கி.மீ. வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 3.9 கிலோ டன் டி.என்.டி.க்குச் சமம், ஹிரோஷிமா குண்டில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காஞ்சனபுரி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்த சயாம் மரண ரயில் பாதை அந்த வழியாகத்தான் பர்மாவுக்குப் போனது.

அங்கிருந்து மியான்மரின் யாங்கோன் (பழைய ரங்கூன்) நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. அந்தக் கல்லின் வேகத்துக்கு அது இருபது விநாடிப் பயணம். அதே கல் யாங்கோன் மேலே அதே உயரத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயிர்ச்சேதம் இருந்திருக்காது. ஆனால் ஐம்பது லட்சம் பேர் வாழும் அந்த நகரம் அந்த ஒளியை என்னவென்று எடுத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. வானத்திலிருந்து வந்த ஆபத்தை அண்ணாந்து பார்த்து அந்த ஊர் ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது.

1941 டிசம்பர் 23. ஜப்பானிய விமானங்கள் முதல்முறையாக ரங்கூன் மீது குண்டு வீச வந்தன. சங்கு ஊதியும் பலர் ஒதுங்கவில்லை. வெயிலில் மின்னும் விமானங்களின் அணிவகுப்பைப் பார்க்கத் தெருவுக்கு வந்து கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று செத்தார்கள். அவர்களில் கணிசமானோர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலி வேலை செய்த இந்தியர்கள்; தெலுங்கர்கள், தமிழர்கள், ஒடியாக்காரர்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் விமானங்கள் வந்தன. அதன் பிறகுதான் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு மலையும் காடும் தாண்டி நடக்கத் தொடங்கினார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நடைப்பயணத்தின் துயரம் நம் இலக்கியத்தில் பதிவாகிவிட்டது. அதற்குக் காரணமான முதல் நாளில் தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டே செத்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

குண்டும் விண்கல்லும் ஒன்றல்ல. ஆனால் மேலே என்னவென்று பார்க்க ஓடும் மனிதக் கால்கள் ஒன்றுதான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தில் அது நிரூபணமானது. காலை 9.20 மணி. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை விநாடிக்கு 19 கி.மீ. வேகத்தில் நுழைந்து, தரையிலிருந்து 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. நானூறு, ஐந்நூறு கிலோ டன் ஆற்றல். பாங்காக்கில் பார்த்ததைப் போல நூறு மடங்குக்கும் மேல். சூரியனைத் தோற்கடித்த வெளிச்சம் அது. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கண் எரிந்தது, சிலருக்கு முகத்தோல் காந்தியது.

இத்தனை கடினமான பாறை காற்றில் ஏன் வெடிக்கிறது? அந்த வேகத்தில் வரும் கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரமில்லை. அது நசுங்கி, கொதித்து, கல்லின் முகத்தை அழுத்துகிறது. இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், அழுத்தமும் ஏறும். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்த விரிசல்கள் ஒரு கட்டத்தில் தாங்காமல் பிளக்கும். பிளந்த துண்டுகளுக்குப் பரப்பு கூடும், பரப்பு கூடினால் காற்றின் பிடி இன்னும் இறுகும், அவை மேலும் நொறுங்கும். இத்தனையும் ஓரிரு விநாடிக்குள் முடிந்து, கல்லின் ஓட்டத்தில் இருந்த ஆற்றலில் பெரும்பகுதி வெளிச்சமாகவும் வெப்பமாகவும் அதிர்ச்சி அலையாகவும் சிதறுகிறது.

இதில் வெளிச்சம் உடனே வந்துவிடும். அதிர்ச்சி அலை கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தில்தான் வரும். முப்பது கி.மீ. உயரம் என்றால் நேர் கீழே நிற்பவருக்கே ஒன்றரை நிமிடம் ஆகும். தள்ளி இருப்பவருக்கு இன்னும் கூடுதலாக. செல்யாபின்ஸ்க் மக்களுக்கு அந்த இடைவெளி இரண்டு நிமிடத்துக்கும் மேல் கிடைத்தது. ஒளி அடங்கியதும் என்ன நடந்தது என்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். அங்கே நின்று வானத்தில் கிடந்த புகைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அலை வந்தது. நகரின் கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் சிகிச்சை தேடிப் போனார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குச் சேதம். விண்கல் துண்டு விழுந்து ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. காயத்துக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணாடிச் சில்லுகள்.

ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வெளிச்சத்தைக் கண்டதும் தன் 44 பிள்ளைகளையும் மேசைக்கடியில் போகச் சொன்னார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. நின்றுகொண்டே இருந்த அவருடைய கையைக் கண்ணாடி கிழித்துவிட்டது. விண்கல் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது இந்தச் செய்திதான்.

யாங்கோனில் அந்த இரண்டு நிமிடம் எப்படிக் கழியும்? அங்கே ஒரு திடீர் ஒளிக்கும் இடிக்கும் மக்கள் தரும் முதல் அர்த்தம் விண்கல்லாக இருக்காது. 2016 நவம்பரில் வடக்கே காச்சின் மாநிலத்தின் பாகந்த் ஜேட் சுரங்கத்தில் நாலரை மீட்டர் நீள உலோக உருளை ஒன்று வானிலிருந்து விழுந்தது. பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக் கூரையையும் ஒரு துண்டு துளைத்தது. சத்தத்தைக் கேட்ட மக்கள் சண்டை தொடங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சீனா ஏவிய ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்ற பேச்சு பிறகுதான் வந்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் நாட்டின் பல பகுதிகளில் வான்தாக்குதல் அன்றாடச் செய்தியாகிவிட்டது. இன்று ஒரு விண்கல் அங்கே வெடித்தால் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பம் அரசுகளுக்கும் நேரலாம். 2002 ஜூன் 6 அன்று மத்தியதரைக் கடலின் மேலே ஒரு விண்கல் வெடித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளைக் குவித்து நின்ற கோடை அது. சில மணி நேரம் முந்தி, அதே அட்சரேகையில் இந்தியா-பாகிஸ்தான் மேலே அது வெடித்திருந்தால் அணுகுண்டு என்று நினைத்து இரு நாடுகளும் போரில் இறங்கியிருக்கலாம் என்று அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் சைமன் வோர்டன் எச்சரித்தார். மிகைப்படுத்தினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசு பேசாத இடத்தில் யார் பேசுவார்கள் என்பதை யாங்கோன் 2025 ஏப்ரலில் பார்த்தது. மார்ச் 28 அன்று 7.7 அளவிலான பூகம்பம் மண்டலே, சகாய்ங் பகுதிகளைச் சின்னாபின்னமாக்கிய இரண்டு வாரத்துக்குள், டிக்டாக்கில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த ஜோதிடர் ஒருவர் ஏப்ரல் 21 அன்று நாட்டின் எல்லா நகரங்களையும் பூகம்பம் தாக்கும் என்று சொன்னார். யாங்கோனில் பலர் அன்று வீட்டுக்குள் இருக்க மறுத்து வெளியே தங்கினார்கள். பூகம்பம் வரவில்லை. ஜோதிடர் கைதானார். அந்த மக்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஷ்வேடகான் பகோடாவில் தாங்கள் பிறந்த கிழமைக்குரிய கிரக மூலையில் நீர் ஊற்றி வணங்கும் மக்கள் அவர்கள். ராகு, கேதுவைத் தெரிந்த நமக்கு அது அந்நியமல்ல. எரிநட்சத்திரத்தைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார் என்று சொன்ன பாட்டிகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். நம்பத் தகுந்த ஒரு குரல் நேரத்துக்குக் கிடைக்காதபோது, பயந்தவர்கள் கிடைத்த குரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக்கை முடக்கி, இணையத்தை அவ்வப்போது அறுக்கும் அரசு, வதந்தி பரப்பியவரைக் கைது செய்வதோடு தன் கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2016 பிப்ரவரி 6 அன்று அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தத்துடன் வெடிப்பு ஏற்பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள், கண்ணாடிகள் உடைந்தன, தரையில் ஒரு குழி விழுந்தது. மறுநாளே முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை விண்கல் விழுந்ததாகச் சொன்னது. ஓட்டுநரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. விண்கல்லால் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் படங்கள் தரையில் நடந்த வெடிப்போடுதான் பொருந்துகின்றன என்று நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள். பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தாரும் சந்தேகம் எழுப்பினார்கள். ஆய்வுக்கு முன்பே முடிவு வந்துவிட்டது. காரணம் வானத்தில் என்று அரசே சொல்லிவிட்ட பிறகு, தரையில் கேட்க வேண்டிய கேள்விகளின் வேகம் குறைந்துபோனது. ஒரு தொழிலாளியின் சாவுக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

கல் வருவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? செல்யாபின்ஸ்க் கல் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் ஒரு தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் நிலைமை மாறி வருகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் காட்டலினா ஆய்வு மையம் ஒரு மீட்டர் அளவுள்ள சிறு கல்லைக் கண்டுபிடித்தது; சில மணி நேரத்தில் அது பிலிப்பைன்ஸின் லூசோன் தீவின் மேலே எரியும் என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். சொன்னபடியே எரிந்தது. அப்போது அங்கே மேகத்தைத் திரட்டிக்கொண்டிருந்த யாகி புயல்தான் அடுத்த சில நாட்களில் மியான்மருக்குள் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஒரு மீட்டர் கல் உலகச் செய்தியானது; புயல் வருவது பல நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தும் அத்தனை பேரைக் காக்க முடியவில்லை. தகவல் விஞ்ஞானிகளின் கணினிக்கு வருவது வேறு, ஆற்றங்கரைக் குடிசைக்கு வருவது வேறு.

2025 தொடக்கத்தில் 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. விழக்கூடும் என்று கணித்த பாதை தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. அடுத்தடுத்த அளவீடுகளில் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஏறியபோது ஊரெல்லாம் பேச்சு. இறங்கியபோது அதே அளவு சத்தமாக யாரும் சொல்லவில்லை.

யாங்கோனுக்கு இதற்கெனத் தனியாக ஒரு பெரும் ஏற்பாடு தேவையில்லை. புயலுக்கும் பூகம்பத்துக்கும் அறிவிப்புத் தரும் வானிலை, நீரியல் துறை அங்கே இருக்கிறது. வானம் வெடித்தால் முதல் அரைமணி நேரத்துக்குள் வானொலியில் அந்தத் துறை பேச வேண்டும். தெரிந்ததை மட்டும் சொல்லட்டும், இது தாக்குதல் அல்ல என்று உறுதியானால் அதை முதல் வரியிலேயே சொல்லட்டும். பள்ளிகளில் பூகம்ப ஒத்திகையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: வானம் திடீரென்று பளிச்சிட்டால் ஜன்னலுக்குப் போகாதே, வெளியே ஓடி அண்ணாந்து பார்க்காதே, கண்ணாடிக்கு முதுகு காட்டி மேசைக்கடியில் ஐந்து நிமிடம் இரு. அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை கும்பிட வரும் நம் குடும்பங்களிடமும் இதைச் சொல்லலாம். சென்னைப் பள்ளிகளிலும் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை.