பேரேடும் காகிதக் கட்டும்

நம் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, கணினிக்குள் விவரங்கள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்பதை அங்கத்தினர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டில் விவசாயி ஒருவர் பயிர்க்கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். கடன் பேரேட்டில் பெயர், அசல், வட்டி, தவணை, நிலுவை என்று பத்திகள் வகுத்திருக்கும். அவருடைய அங்கத்தினர் எண்ணைக் கொண்டு பங்குப் பேரேட்டையும் கடன் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்விதம் அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையைக் கணினிக்கென 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தளித்தார். இதற்குத் தொடர்புசார் தரவுத்தளம் என்று பெயர்.

ஆனால், எல்லா விவரங்களும் பத்திக்குள் அடங்குவதில்லை. பருத்தி விவசாயி ஒருவரிடம் மண் பரிசோதனை அட்டை இருக்கும். மக்காச்சோளம் பயிரிட்டவரிடம் பயிரின் புகைப்படம் இருக்கும். நெசவாளரிடம் சேலைக் கரையின் மாதிரி இருக்கும். இவை அனைத்திற்கும் ஒரே பேரேட்டில் பத்தி வகுத்தால் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஆதலால், ஆளுக்கொரு காகிதக் கட்டாகக் கட்டி, மேலே எண் எழுதி அடுக்குகிறோம். தொடர்புசாராத் தரவுத்தளங்களில் பெரிதும் வழங்கும் ஒரு வகையின் அடிப்படை இதுவே.

ஒரு பீரோ நிறைந்தால் அடுத்த பீரோ வாங்குவதுபோல, இம்முறையில் ஓர் இயந்திரம் நிறைந்தால் மற்றொன்றைச் சேர்க்கலாம். ஒவ்வொரு கட்டிற்கும் பிரதிகள் வெவ்வேறு இயந்திரங்களில் இருப்பதால், ஒன்று பழுதுற்றாலும் விவரம் அழிவதில்லை. கணக்கெடுப்பும் எளிது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் பருத்தி வரத்தை எண்ணி அனுப்ப, மாவட்டத்தில் கூட்டிக்கொள்வது போல, ஒவ்வோர் இயந்திரமும் தன் பங்கை எண்ணித் தருகிறது. கூகிள் நிறுவனம் இவ்வாறு எண்ணும் முறையை 2004-இலும், பெருந்தரவைச் சேமிக்கும் பிக்டேபிள் என்னும் அமைப்பை 2006-இலும் விளக்கி வெளியிட்டது.

நம் நாட்டிலும் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் தொடங்கிய ஆதார், நூறு கோடி மக்களுக்கு மேல் விரிந்தது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் மைஎஸ்க்யூஎல் என்னும் அட்டவணை முறையும், மாங்கோடிபி, எச்பேஸ் என்னும் தொடர்புசாரா முறைகளும் ஒருங்கே கையாளப்பட்டன. ஒன்று வந்ததும் மற்றொன்று ஒழிந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அமேசான் நிறுவனம் 2007-இல் டைனமோ என்னும் தன் அமைப்பை விளக்கி வெளியிட்டது. இயந்திரங்களுக்கிடையே தொடர்பு அறுந்தாலும், வாங்குவோரின் கூடையில் பொருள் சேர்ப்பது தடைபடலாகாது என்பது அதன் நோக்கம். அதற்காகப் பிரதிகள் சிறிது நேரம் வேறுபட்டிருக்க இடமளித்தனர். பின்னர் அவற்றை ஒன்றுபடுத்தும்போது, வேண்டாமென நீக்கிய பொருள் சிலசமயம் மீண்டும் கூடையில் தோன்றக்கூடும். கடைக் கூடையில் இது சிறு தொல்லையே. ஆனால் கட்டி முடித்த கடன் மீண்டும் நிலுவையாகத் தோன்றினால் ஒரு குடும்பத்தின் அடுத்த சாகுபடியே நின்றுபோகும். கண்டிப்பான வரவு செலவிற்கு வசதியுள்ள தொடர்புசாரா முறைகளும் பிற்பாடு வந்துள்ளன. எனினும், வசதி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு.

எனவே, பணக் கணக்கிற்குப் பேரேட்டின் கண்டிப்பும், பலவகைக் காகிதங்களுக்குக் கட்டின் தாராளமும் பொருந்தும் என்று கொள்வோமாக. நம் சங்கத்தில் கணினி ஏற்பாடு செய்யும்போது, "வரவு வைத்த தொகை எல்லாப் பிரதிகளிலும் உடனே ஒன்றாகக் காட்டுமா?" என்று பொதுக்குழுவில் அங்கத்தினர் கேட்க வேண்டும். பணம் கட்டியதும் ரசீது பெற்று, நிலுவையை அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்தலும் வேண்டும்.